கப்பல் மிக்ஸியின் பிளக்கு

நான் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்கிறவன். கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சினன் வெளிநாட்டு மிக்ஸி ஒன்று கொண்டுவந்து கொடுத்தான்.

"மாமா, இது நூத்திப்பத்து வோல்ட்டு. நம்மூரு கரண்டுல நேரா போட்டீங்கன்னா எரிஞ்சிபூடும்" என்றான்.

வோல்ட்டைப் பாதியாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் பெட்டி வாங்கினேன். மிக்ஸி பிளக்கின் கால்கள் தட்டை. பெட்டியில் இருந்தது உருண்டைத் துளை. பிளக்கை வெட்டிவிட்டு நம்மூர் பிளக்கு மாட்டினேன். நன்றாக ஓடியது.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்திருந்த அக்கா சட்னி அரைக்கப் போனது. பெட்டி விஷயம் அதற்குத் தெரியாது. சுவரிலேயே சொருகிவிட்டது. மிக்ஸி அலறியது, மூடி பறந்தது, புகை வந்தது. நான் ஓடுவதற்குள் ஃபியூஸ் போய் எல்லாம் நின்றது.

"என்னடா தம்பி, பேய் புடிச்ச மிக்ஸியா வாங்கி வச்சிருக்க?" என்றது அக்கா. முகமெல்லாம் சட்னி. கையில் காயமில்லை.

அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று எங்கள் தெருவில் தடித்த கம்பி கட்டுவார்கள். கட்டை செய்கிறவன் என்பதால் நான் மெல்லிய கம்பிதான் கட்டுவேன். அதுதான் உடனே உருகி அக்காவைக் காப்பாற்றியது.

எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச்சுருள் கட்டினேன். மிக்ஸிக்குத் தட்டைப் பிளக்கையே திரும்ப மாட்டி, பெட்டியில் அதற்கேற்ற சாக்கெட் வைத்தேன். இப்போது வெளிநாட்டுச் சாமான் எது வந்தாலும் பிளக்கை வெட்டுவதில்லை.

பொங்கலுக்கு அக்கா மறுபடி வந்தது.

"சுவத்துல நொழைய மாட்டேங்குதே தம்பி."

"நொழையாதுக்கா. பெட்டியில போடு."