லீலி அக்காவுக்கு, சேவல் எனக்கு

அக்கா இல்லாத முதல் குறுவை அறுவடையும் முடிந்துவிட்டது. இந்த நினைவு மலர் உங்கள் கைகளில் இருக்கிறது. இதில் எழுதியிருக்கும் எல்லாரும் அக்காவைப் புகழ்ந்திருக்கிறார்கள். அத்தனையும் உண்மை. ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லையே என்பதுதான் எனக்கு ஆத்திரம். அக்காவைப் பார்த்து அதிக நாள் வயிறெரிந்தவள் கூடப்பிறந்த நான்தான். அதையும் யாராவது எழுத வேண்டுமல்லவா?

குத்தாலம் பக்கத்தில் எங்கள் சிற்றூரில், கூலி வேலை செய்து பிறகு குத்தகை வயல் எடுத்த அப்பாவுக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். ஊர் மாதா கோயில் சின்னதுதான். ஆனால் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் காலத்தில் கப்பலில் வந்த இரண்டு வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் அதில் உண்டு. கிழக்குச் சுவரில், மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் வானதூதர் கையில் வெள்ளை லீலி. அது மாசில்லாத மனதுக்கு அடையாளம். மேற்குச் சுவரில் ஆண்டவரின் தலைமைச் சீடர் இராயப்பர், இடுப்பில் ஆண்டவர் கொடுத்த சாவி, காலடியில் சிவந்த கொண்டையோடு சேவல். ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொன்னாரே, அப்போது கூவிய சேவல்.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். விதை தெளித்த நாற்றங்காலுக்குப் பாயும் மடையை அடைத்துவிட்டு வரும்படி அப்பா எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டு வெளியூர் போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், முளைவிட்ட விதையெல்லாம் தண்ணீரில் அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. அப்பா முதலில் என்னைத்தான் கேட்டார்.

"மடைக்கு நீயா போன?"

"நான் இல்லப்பா."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன். அக்கா முன்னால் வந்து, "நான்தாம்பா போனேன். அடைக்க மறந்துட்டேன்" என்றார். அடியும் வாங்கினார். அந்த வருடம் பக்கத்து ஊரில் நாற்றுக் கேட்டு வாங்கி நட்டோம். 'மடைய மறந்த பெரியவ' என்று கல்யாண வீடுகளில் அக்காவைக் கேலி செய்தது நீங்கள்தான். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

என் பாவாடை ஓரத்துச் சேற்றைத் துவைத்தவர் அம்மா. அடுத்த ஞாயிறு பூசைக்கு நடுவில் எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அந்த லீலி பெரியவளுக்கு. இந்தச் சேவல் சின்னவளுக்கு. ஏன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான், பங்கு பிரித்தாகிவிட்டது. லீலி ஜன்னலில் காலைப் பூசையின்போது வெயில் விழும். அக்கா உட்காரும் இடம் நீலமும் வெள்ளையுமாக இருக்கும். சேவலுக்கு மாலை வெயில்தான். அப்போது கோயிலில் பார்க்க ஆள் இருக்காது. எனக்காகப் பழியை ஏற்கச் சொல்லி நான் கேட்டேனா? கேட்காமல் செய்துவிட்டு லீலியையும் வாங்கிக்கொண்டார்.

அக்கா திருவாரூர் அரசு மருத்துவமனையில் நர்ஸ் ஆனார். வெள்ளை உடுப்போடு வந்து நின்றபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, லீலி" என்றார். அத்தான் சீக்கிரமே போய்விட, அக்கா ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். வேதாரண்யத்தில் புயலடித்தபோது பத்து நாள் முகாமிலேயே கிடந்து வேலை பார்த்தார். அதை இந்த மலரில் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பத்து நாளும் அவர் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டது நான். அதை ஒருவரும் எழுதவில்லை.

நோய் முற்றி ஊருக்கே வந்துவிட்ட அக்கா, ஒருநாள் மாலை கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். வழக்கம்போல லீலிப் பக்கம் திருப்பினால், "அங்க வேணாம்டி, சேவல்கிட்ட போ" என்றார்.

"ஏங்க்கா? உங்க இடம் அதுதானே?"

"லீலிக்கு என்னடி இருக்கு? ஒரு தப்புப் பண்ண முடியுமா, கோவப்பட முடியுமா? ஆயுசு பூரா நிமிந்தே நிக்கணும். இராயப்பரப் பாரு. தப்புப் பண்ணாரு, சேவல் கூவுச்சு, வெளிய போயி அழுதாரு. அப்படியும் அவருகிட்டேருந்து சாவிய யாரும் புடுங்கலையே. அம்மா அத உனக்குக் குடுத்துட்டாங்கன்னு எனக்கு எவ்வளவு பொறாம தெரியுமா?"

அக்கா தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணு. உன் சேவல் கூவி எத்தன வருஷமாச்சு. நீ எப்ப அழுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. தப்பாக நினைக்காதீர்கள், சந்தோஷம்தான் வந்தது. என்னைப் பார்த்து அக்கா பொறாமைப்பட்டிருக்கிறார்! அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அடக்கப் பூசை மாலை நான்கு மணிக்கு நடந்தது. மேற்கு வெயிலில் சேவல் கொண்டையின் சிவப்பு, அக்காவின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. கடைசியில் அதையும் எடுத்துக்கொண்டாரே என்று நினைத்தேன். அப்போதுதான் அழுதேன்.

அக்காவைக் கடைசிவரை கைவிடாமல் பார்த்துக்கொண்ட மருத்துவமனைத் தோழிகளுக்கும், தினமும் வந்து நற்கருணை கொடுத்த பங்குச் சாமியாருக்கும், அடைமழையிலும் வீட்டுக்கு வந்து செபம் சொன்ன தெருப் பெண்களுக்கும், குழி வெட்டிய, தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைப் படித்துவிட்டு அக்காவை இன்னும் அதிகமாகப் புகழ்வீர்கள். எனக்குத் தெரியும். இப்போதே வயிறு எரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அன்றைக்கு மடைக்குப் போய் வாத்து மேய்வதை வேடிக்கை பார்த்துவிட்டு, அடைக்காமல் வந்தது அக்கா இல்லை. அப்பா மூன்று முறை கேட்டாரல்லவா?

நான்தாம்பா. நான்தான். நான்தான்.