எதிர்வீட்டில் கிடைத்த தாய்வீடு

இந்த ஊரில் பிள்ளை பெற்றவளுக்குத் தாகம் எடுக்கக் கூடாது. எடுத்தாலும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மலாய்ச் சீமையில் மழை பெய்யாத நாளே அபூர்வமான தைப்பிங்கில் இருக்கிற உங்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. சித்திரை வெயில், சாத்திய ஜன்னல், அறை மூலையில் கனன்றுகொண்டிருக்கும் கரியடுப்பு. இதற்கு நடுவே எனக்கு ஒரு வேளைக்குக் கிடைத்தது அரை டம்ளர் சீரகத் தண்ணீர். அதையும் மடக்கென்று குடித்தால் ஓர் அதட்டல் வேறு. தண்ணீர் அதிகமானால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி கட்டிவிடும் என்பது இங்கே யாரும் எதிர்க்கேள்வி கேட்காத சட்டம். ராஜா ஆட்சி போய் என்னென்னவோ மாறிவிட்ட புதுக்கோட்டையில் இந்தச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

என் அப்பா இந்த ஊர்க்காரர்தான். தைப்பிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. தன் தங்கை மகனுக்கே என்னைக் கட்டிவைத்துக் கப்பலேற்றி அனுப்பினார். அதனால் மாமியார் எனக்குச் சொந்த அத்தை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். என் தாய்வீடோ கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே அத்தை வீட்டிலேயே பெற்றேன், பெண் குழந்தை. எங்கள் இருவரையும் குளிப்பாட்டி, என் வயிற்றைப் பழைய புடவையால் இறுக்கிக் கட்டிவிட அடைக்கி என்ற பெண் தினமும் காலையில் வருவாள். தைப்பிங்கில் என் தம்பி பிறந்தபோது வீட்டுக்கு வந்த மலாய்க்கார மருத்துவச்சி, பிடான் என்பார்கள், அவளும் இதையேதான் செய்தாள். அந்தத் துணிக்கு பெங்குங் என்று பெயர், அவ்வளவுதான். வயிற்றை நெரிப்பதில் இரண்டு தேசமும் ஒன்றுதான் என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பிடான், அம்மா கேட்டபோதெல்லாம் பெரிய கோப்பை நிறைய வெந்நீர் கொடுத்தாள். இதை அடைக்கியிடம் சொன்னேன். நான் பிறந்த ஊர்ப் பெருமை பேசுவதாக அவள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் என் முதுகில் விழுந்த தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது.

சில நாட்களில் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. பால் சுரக்கவில்லை. குழந்தை வாய் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பிறகு அழவும் தெம்பில்லாமல் முனகினாள். காலையில் குழந்தைக்கு அடியில் விரித்த துணி மத்தியானம்வரை காய்ந்தபடியே கிடந்தது. உச்சிக்குழி உள்வாங்கியிருந்ததைத் தடவிப் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டேன். தாலுகா ஆபீசில் வருகிறவர் போகிறவரையெல்லாம் அதட்டும் என் கணவர், அறை வாசலில் நின்று கையைப் பிசைந்தார். லேடி டாக்டரை அழைத்து வருகிறேன் என்றார். டாக்டர் தண்ணீரை நிறையக் கொடுக்கச் சொல்வார்கள் என்று அத்தைக்குத் தெரியும்; வேண்டாம் என்று தடுத்தார்.

“டாக்டரம்மா சொல்லிட்டுப் போயிருவாங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா எங்கண்ணனுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?”

கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். என் பிள்ளை கண்ணெதிரே வாடிக்கொண்டிருக்க, இவருக்கு அண்ணனிடம் நல்ல பெயர் வாங்கும் கவலை. அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

அன்று பிற்பகல் எதிர்வீட்டு சுலைகாம்மா வந்தார். அவர் கணவருக்குப் பினாங்கில் கடை. குழந்தையின் குரல் ஒரு மாதிரியாகக் கேட்கிறதே என்று விசாரித்தபடியே அறைக்குள் வந்தவர், அவளைத் தூக்கி உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். தாய்க்குத் தண்ணீர் கொடுக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். சாம்பிராணி போட வந்திருந்த அடைக்கிதான் பதில் சொன்னாள்.

“ஆத்தா வீடா இருந்தா, பெத்தவ பொறுக்காம யாருக்கும் தெரியாம ஒரு செம்பு குடுத்துருவா. எல்லா வீட்லயும் நடக்குறதுதான். மாமியா வீட்டுல யாரு துணிஞ்சு குடுப்பா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒளிந்து மீறுவதற்குத் தாய் ஒருத்தி இருப்பாள் என்று நம்பித்தான் ஊரே இந்தச் சட்டத்தை வைத்திருக்கிறது. எனக்கு அந்த ஒருத்தி இல்லை. அதனால் சட்டம் முழுசாக என்மேலும் என் பிள்ளைமேலும் விழுந்திருந்தது. அத்தையைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது பயம்.

சுலைகாம்மா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அத்தை பக்கம் திரும்பினார்.

“அக்கா, இந்தப் புள்ளைக்கு நாந்தான் ஆத்தா வீடு. இவ ஆத்தா இருக்குற சீமையிலதான் எங்க வீட்டுக்காரரும் இருக்காரு. என்ன ஆனாலும் ஒங்க அண்ணனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அத்தை அடுப்படிக்குப் போய்த் தானே வெந்நீர் வைத்தார். செம்பு நிறைய ஆற்றிக் கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் சுலைகாம்மா பக்கத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். நான் மூச்சுவிடாமல் குடித்தேன். அன்றிலிருந்து வேளைக்கு வேளை அந்தச் செம்பு வந்தது, எப்போதும் சுலைகாம்மா கை வழியாக. பால் சுரந்து, குழந்தை துணியை நனைத்த காலையில் அடைக்கி அந்த ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அத்தை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுத சத்தம் எனக்குக் கேட்டது.

மூன்றாம் மாதம் பிள்ளையோடு புருஷன் வீடு போகும் சடங்கு வந்தது. நான்தான் புருஷன் வீட்டிலேயே இருக்கிறேனே என்றேன். தாய்வீடு என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்ன பிறகு முறை முறைதான் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் நாளே என்னையும் பிள்ளையையும் எதிர்வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் வெளியூரிலிருந்து வருகிறவர் மாதிரி, அத்தை பட்டுப்புடவை கட்டிப் பூவும் பழமும் தாம்பாளத்தில் ஏந்தி அழைக்க வந்தார். சுலைகாம்மா என் தலையைத் தடவிப் போய்வரச் சொன்னார். வாசற்படி இறங்கியதும் எனக்கு அழுகை பொங்கியது. தெரு நடுவில் நின்று தேம்பினேன்.

“எதுத்த வீட்டுக்குப் போறதுக்கா தாயி இப்புடி அழுகுற?” என்றாள் அடைக்கி.

பினாங்கில் கப்பலேறிய அன்று நான் அழவில்லை. பின்னால் நின்ற வாசலுக்காக அழுகிறேனா, கடலுக்கு அப்பாலிருக்கும் வாசலுக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு, அத்தை கையைப் பிடித்தபடி தெருவைக் கடந்தேன்.