என் எயார்பிரஷ்ல நீலப் பெயின்ட்

என் கொழுந்தனுக்கு ஒரு சாபம் விடணும்னா, "உன் நோசில்ல பெயின்ட் காஞ்சு அடைக்கட்டும்"னுதான் விடுவேன். ஆனா அதுல பிரயோசனம் இல்ல. அவனோட நோசில் எப்பவோ காஞ்சு அடைச்சாச்சு. அதனாலதான் என்னோடதுல கை வச்சான்.

எங்க வீடு கடுகண்ணாவையில, மெயின் ரோட்டுல இருந்து படி ஏறி வரணும். நான், வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தன், இவ்வளவுதான் ஆளுங்க. வீட்டுக்காரர் த்ரீவீல் ஓட்டுறார். கொழுந்தன் கீழ ரோட்டோரத்துல தகரக் கொட்டில் போட்டு மோட்டார் சைக்கிள் டேங்குக்கும் ஹெல்மெட்டுக்கும் பெயின்ட் அடிக்கிறான். புலி, கழுகு, நெருப்பு, கேக்குறவனுக்கு எது புடிக்குமோ அது. நான் வீட்டுல கேக் செஞ்சு விக்கிறேன். கண்டியில இருந்தும் என்னைத் தேடி வர்றாங்கன்னா அது என் கேக்கோட கலருக்காகத்தான். வெள்ளை ஐசிங் மேல ரோஸ் தொடங்கி, எங்க முடிஞ்சு எங்க மஞ்சள் ஆகுதுன்னு கண்ணுக்குத் தெரியாம போகும். கத்தியால பூசினா அது வராது. எயார்பிரஷ்லதான் வரும்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பாக்க தடிச்ச பேனா மாதிரி இருக்கும். மேல சாயம் ஊத்த சின்னக் கப். நடுவுல விசை. அமுக்கினா காத்து, பின்னால இழுத்தா சாயம். உள்ள நீளத்துக்கு ஒரு ஊசி. அந்த ஊசி நுனியும் முன்னால தெளிக்கிற வாய், நோசிலும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி உக்காந்திருக்கணும். நுனி கொஞ்சம் வளைஞ்சாலும் தெளிக்காது, துப்பும். எங்க ஊர் மழைக்கும் பனிக்கும் காத்துக் குழாய்ல தண்ணி வேற கட்டிக்கும். அதையும் அப்பப்ப தொறந்து விடணும், இல்லாட்டி கேக் மேல சொட்டு சொட்டா விழும்.

வேலை முடிஞ்சதும் நான் சோறு கூடத் திங்க மாட்டேன். முதல்ல பிரஷ். மிச்ச சாயத்தைக் கொட்டி, சுடுதண்ணி ஊத்தி, தெளிவா வர்ற வரைக்கும் அடிச்சு விடுவேன். பொறகு முன் வாயைத் துணியால பொத்திக்கிட்டு விசையை இழுத்தா காத்து உள்பக்கமா திரும்பிக் கப்புல கொப்புளிக்கும். மூலையில ஒளிஞ்சிருக்கிற சாயமெல்லாம் அப்பத்தான் வெளிய வரும். கடைசியா ஊசியைப் பின்பக்கமா உருவி, நுனியை நோக்கித் தொடைச்சு, துளி எண்ணெய் தடவி, அதுக்குன்னு இருக்கிற டின்ல வைப்பேன். கொழுந்தன் என்ன செய்வான் தெரியுமா? பெயின்டோட அப்படியே ஆணியில மாட்டிட்டு கிரிக்கெட் பாக்கப் போவான். அடைச்சா குண்டூசியால குத்துவான். குத்திக் குத்தியே அவனோட நோசில் வாய் பிளந்து போச்சு. குரங்கு கையில பூமாலை.

ஆனா ஒண்ணு. தன் உடம்பு விஷயத்துல அய்யா ரொம்பக் கவனம். மூக்குக்கு ரெண்டு பக்கமும் உருண்டையா நிக்கிற முகமூடி மாட்டாம பெயின்ட் டப்பா மூடியைக்கூடத் தொறக்க மாட்டான். மாமியார் தேத்தண்ணி கொண்டு போனா, "கிட்ட வராதீங்கம்மா, இந்த வாசம் உங்களுக்கு ஆகாது"ன்னு தூரத்துலயே நிப்பாட்டிடுவான். அதை அவங்க ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவாங்க. "எம்புள்ள என்னைய கொட்டில் பக்கமே விடமாட்டான்!" காக்காவுக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

என் பிரஷ் வீட்டுக்கு வந்த அன்னைக்கே எல்லாரையும் வச்சுக்கிட்டு சொன்னேன். "இது திங்கிற பொருளுக்கு அடிக்கிறது. இதுல ஒரு சொட்டு பெயின்ட் பட்டாலும் அதோட முடிஞ்சுது."

மாமியாருக்குப் புரியணும்னு அவங்க பொங்கப் பானையை உதாரணம் சொன்னேன். அவங்ககிட்ட ஒரு பித்தளைப் பானை இருக்கு. கோயில் பொங்கலைத் தவிர வேற எதுவும் அதுல வேகாது. மஞ்சத் துணியில சுத்தி அலுமாரிக்குள்ள பூட்டி, சாவியை இடுப்புல சொருகியிருப்பாங்க. மீன் வெட்டின, முட்டை உடைச்ச கையோட நான் அந்த அலுமாரியைக் கடந்து போனாலே கத்துவாங்க. "உங்க பானை மாதிரித்தான் அத்த இதுவும். கவிச்சி சமைச்சிட்டுக் கழுவி வச்சா பொங்குவீங்களா?"ன்னு கேட்டேன்.

"சாமிப் பானையும் ஒன் குழாயும் ஒண்ணாடி?"ன்னு எழும்பினவங்க, ரெண்டு நாள் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல.

குண்டசாலையில இருந்து ஒருத்தங்க புள்ளையோட முதல் பொறந்தநாளுக்குக் கேக் கேட்டிருந்தாங்க. ரோஸ் வானம், வெள்ளை மேகம். ஒரு வயசுப் புள்ளை வாயில முதல் கேக் நம்ம கேக்தான்னு எனக்கும் ஒரு சந்தோஷம். அன்னைக்கு மழை. எனக்குச் சளி புடிச்சு மூக்கு அடைச்சுக் கிடந்துச்சு. மத்தியானம் அடிக்க உக்காந்தேன். எப்பவும் போல முதல்ல காகிதத்துல அடிச்சுப் பாத்தேன். சுத்தமா வந்துச்சு. கேக்ல பாதி வானம் ஆகியிருக்கும், பிரஷ் சடார்னு ஒரு தடவை துப்பிச்சு.

ரோஸ் மேல நீலப் பொட்டு. சாதா நீலம்னா கலர் கலந்திருச்சுன்னு விட்டிருப்பேன். இது மினுங்குது! மயில் கழுத்து நீலம். அந்த நீலத்துல முந்தின நாள்தான் கீழ ஒரு டேங்க் வெயிலுக்குக் காஞ்சுக்கிட்டு இருந்தத நான் பாத்தேன்.

ஊசியை உருவினேன். அடப்பாவி! ஊசியோட பின்பாதி முழுக்க நீலப் பொருக்கு. உள்ள இருக்கிற ரப்பர் வளையம் ஊறிப் போய் கொழகொழன்னு இருக்கு. அடைச்ச மூக்குக்கே, பெயின்ட் கரைக்கிற தின்னர் வாசம் ஏறுச்சு.

குசினியில கொழுந்தன் சோறு தின்னுக்கிட்டு இருந்தான். மாமியார் பரிமாறுறாங்க. கேக்கை ஏத்திக்கிட்டுப் போக வந்த வீட்டுக்காரர் கதவுல சாஞ்சு நிக்கிறார். கொழுந்தனை நான் அதுவரைக்கும் வாங்க, போங்கன்னுதான் பேசுவேன். அன்னைக்கு மரியாதை எல்லாம் பறந்து போச்சு.

"என் பிரஷ்ல என்னடா அடிச்ச?"

"ஒரு டேங்க்தான் அண்ணி. ரெண்டு கோடு. கழுவித்தானே வச்சேன்?"

"எதால கழுவின?"

"தின்னர்லதான். தின்னர்ல போகாததா?"

"அந்தத் தின்னர்தான்டா இப்ப கேக்ல இருக்கு!"

நான் டவுனுக்குப் போயிருந்த நேரம் பாத்து அவனாத் திருடியிருக்கான்னு நெனச்சேன். அதுவும் இல்ல. மாமியார் கரண்டியைக் கீழ வச்சுட்டு, "நான்தான் டின்ல இருந்து எடுத்துக் குடுத்தேன். என்ன இப்ப? ஒண்ணா இருக்கிற வீட்டுல ஒன்னுது என்னுதுன்னு என்ன பேச்சு? பன்வில தோட்டத்துல லயத்து வீடு அத்தனையும் ஒரே உரல்லதான் இடிச்சோம்"னாங்க.

"உரல்ல யாரும் தின்னர் இடிக்கலியே அத்த."

"கத்தாத, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு"ன்னார் வீட்டுக்காரர். பொண்டாட்டிக்கு ஒரு அநியாயம்னா இந்த மனுஷனுக்குப் பழமொழிதான் வாயில வரும்.

கொழுந்தன் ஒரு வாய் சோத்தை முழுங்கிட்டு, "மேல சொரண்டிட்டு வேற ஐசிங் பூசிக் குடுங்க அண்ணி. இத்துனூண்டு. யாரு சாகப் போறா?"ன்னான்.

மாமியாரும், "அதானே"ன்னாங்க.

உள்ள போய், அந்த நீலப் பொட்டு இருந்த எடமாப் பாத்து ஒரு துண்டு வெட்டி, பீங்கான் தட்டுல வச்சு அவன் முன்னால டங்குன்னு வச்சேன். "ஒண்ணும் ஆகாதுல்ல? தின்னு."

சிரிச்சான். "எனக்கு இனிப்பு ஒத்துக்காது அண்ணி."

"இப்பத்தானே வட்டிலப்பம் தின்ன. தின்னுடா!"

அப்ப நான் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. மாமியார் அந்தப் பீங்கானை இழுத்தாங்க. "குடு இங்க. எம்புள்ளைய நிக்க வச்சு விசாரிக்க வந்துட்டா பெரிய மகாராணி"ன்னு சொல்லி, ஒரு கரண்டி அள்ளி வாயில போட்டாங்க. என் கண்ணைப் பாத்துக்கிட்டே மென்னாங்க. "நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க.

அந்த நேரம் அந்தப் பொம்பள மேல எனக்கு எவ்வளவு வெறுப்பா இருந்துச்சுன்னு சொல்லி மாளாது. தின்னட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

ரெண்டாவது கரண்டி எடுக்கும்போது அவங்க என்னைப் பாக்கல. சின்ன மகனைப் பாத்தாங்க.

அவனுக்குத் தெரியும். அந்தப் பெயின்ட் என்னன்னு அந்த வீட்டுல அவனுக்குத்தான் தெரியும். முகமூடி இல்லாம டப்பா மூடியைத் தொறக்காதவன், வாசம் ஆகாதுன்னு பெத்தவளைக் கொட்டில் பக்கமே விடாதவன். "வேணாம்மா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆனா சொன்னா நான் சொன்னது உண்மைன்னு ஆயிருமே! சோத்துக் கோப்பையில விரலை விட்டுக் கழுவிக்கிட்டு, சுவத்துல தொங்குற கலண்டரைப் பாத்துக்கிட்டு இருந்தான். அவங்க அந்த ரெண்டாவது கரண்டியையும் தின்னாங்க. மெதுவா. மூணாவதை அள்ளி வாய்கிட்ட கொண்டு போயும் அவனையேதான் பாத்தாங்க.

என்னால தாங்க முடியல. பீங்கானையும் கரண்டியையும் சேத்துப் புடுங்கினேன். ஐசிங் அவங்க சேலையில எல்லாம் சிந்திச்சு.

"விடுடி"ன்னாங்க. ஆனா கை சும்மாதான் இருந்துச்சு. எழும்பி, பின்பக்கக் குழாய்க்குப் போய் வாய் கொப்புளிச்சாங்க. திரும்பத் திரும்பக் கொப்புளிச்சாங்க. கொழுந்தன் செருப்பை மாட்டிக்கிட்டு வேலைக்கு இறங்கிப் போயிட்டான்.

கேக்கை நாய் கூட தோண்ட முடியாத அளவுக்குப் பள்ளம் வெட்டிப் புதைச்சேன். குண்டசாலைக்குப் போன் பண்ணி உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்தம்மா வாய்க்கு வந்தபடி ஏசினாங்க. ஏசட்டும், அவங்க புள்ளைக்குத்தானே. அவசரமா சின்னதா ஒண்ணு வேக வச்சு, கத்தியால வெள்ளை பட்டர் ஐசிங் பூசி, வானமும் இல்லாம மேகமும் இல்லாம வீட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்பினேன். அந்தம்மா அதுக்குப் பொறகு என்கிட்ட கேக் வாங்கினதில்ல.

பெயின்ட் உள்ள போன பிரஷ் திரும்பக் கேக்குக்கு ஆகாது. எத்தனை தடவை கழுவினாலும் என் மனசு ஒத்துக்காது. படி மேல நின்னு அதைக் கீழ கொட்டில் வாசல்ல வீசி எறிஞ்சேன். "நீயே வச்சு அழு!" பொறுக்கி எடுத்துக்கிட்டான், வெட்கம் கெட்டவன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? கொஞ்ச நாள்ல அதையும் குண்டூசியால குத்திக் கெடுத்துட்டான்.

நான் புதுசு ஒண்ணு வாங்கி வந்து அதே டின்ல வச்சேன். மாமியாருக்கும் எனக்கும் பேச்சு நின்னு போயிருந்துச்சு. சோறு வேணும்னா கோப்பையைத் தட்டுவாங்க. ஒரு நாள் நான் பிரஷ் கழுவிக்கிட்டு இருக்கும்போது பின்னால வந்து நின்னாங்க. வம்புக்குத்தான் வர்றாங்கன்னு நானும் வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னேன்.

"அதுல முட்டை படுமா?"ன்னு கேட்டாங்க.

"படாது. சாயமும் தண்ணியும் மட்டுந்தான்."

போயிட்டாங்க.

மறுநாள் டின்னைத் தொறந்தா பிரஷைக் காணோம். திரும்பவும் குடுத்துட்டா பாவி! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடணும்னு முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னறைக்கு வந்தேன். மாமியார் சுளகுல அரிசி பொறுக்கிக்கிட்டு இருக்காங்க. அந்த நேரம் பாத்து கொழுந்தன் மூச்சு வாங்கப் படியேறி வர்றான்.

"அம்மா, அண்ணியோட பிரஷ் எங்க? காலையிலயே பாத்தேன், டின்ல இல்லியே. ஒரு ஹெல்மெட்டுக்குத்தான், இப்பவே குடுத்துர்றேன்."

அவங்க தலையைத் தூக்கல.

"பொங்கப் பானைக்குள்ள இருக்கு"ன்னாங்க. "தொடாத."

அவங்க அரிசியில இருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வாசப்பக்கம் எறிஞ்சாங்க. அவன் இறங்கிப் போயிட்டான்.

நான் சொருகின முந்தானையை எடுத்து விட்டுட்டு உள்ள போனேன். எனக்கும் அவங்களுக்கும் இன்னைக்கு வரைக்கும் பேச்சு வார்த்தை இல்ல. ஆனா நான் கேக்கை மேசையில வச்சா, அவங்க இடுப்புல சொருகியிருக்கிற அலுமாரிச் சாவி பக்கத்துல வந்து இருக்கும்.