அப்பாவின் பேச்சில் பச்சைக் கோடுகள்

போன மாதம் என் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

"ஏதாவது ஓர் அரசியல் பேச்சை செல்போன்ல பதிவு பண்ணுங்க. அதை எழுதி, என்னென்ன உத்தி இருக்குன்னு கோடு போட்டுக் காட்டுங்க."

எல்லோரும் பெரிய தலைவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஸ்டெல்லா மட்டும் தன் அப்பாவைப் பிடித்திருந்தாள்.

அப்பா அந்தோணி, மீனவர். கட்சிக் கூட்டங்களில் உள்ளூர்ப் பேச்சாளர். அவர் மைக்கைப் பிடித்தால் கூட்டம் கலையாது.

மகள் தாட்சண்யமே பார்க்கவில்லை. 'விடுவோமா?' ஏழு முறை — பதிலை எதிர்பார்க்காத கேள்வி. 'கடல் எங்கள் தாய்' — உருவகம். 'எங்கள் கண்ணீரில் கடல்மட்டமே உயர்ந்தது' — உயர்வு நவிற்சி. பக்கம் பூராவும் பச்சைக் கோடுகள்.

முழு மார்க் போட்டேன். மறுவாரம் அந்தோணியே கல்லூரிக்கு வந்துவிட்டார். கையில் அந்தத் தாள். பின்னால் ஸ்டெல்லா.

"இம்புட்டு வித்தைன்னு எழுதியிருக்கா. அப்ப நான் பொய் பேசுறேனா சார்?"

"உத்தி வேற, பொய் வேறங்க. நல்லாப் பேசுற எல்லாரும் செய்யறதுதான்."

அவர் சமாதானமாகவில்லை. ஓரிடத்தில் விரலை வைத்தார். "இங்கன மட்டும் ஏன் கோடு இல்ல?"

'என் தம்பி கடலுக்குப் போனான். திரும்பி வரல.'

ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள். "அதுல உத்தி ஒண்ணும் இல்லப்பா. சித்தப்பா வரல. அவ்வளவுதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதைச் சொல்றப்பத்தான் சார் ஒருத்தரும் கை தட்ட மாட்டாங்க. அதான் வெரசா தாண்டிப் போயிருவேன்."

"அடுத்த தடவை தாண்டாதீங்கப்பா" என்றாள் மகள்.

போன ஞாயிறு மாலை அவர் பேசிய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தம்பியில்தான் ஆரம்பித்தார். என்ன படகு, எத்தனை நாள் தேடினார்கள், யார் யாருக்கு மனு கொடுத்தார்கள்... குரலை உயர்த்தவே இல்லை.

கைதட்டல்? ஒன்றுகூட இல்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கியதும் நாலு பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு பெயர் இருந்தது. புருஷன், மகன், கூடப்பிறந்தவன். ஸ்டெல்லா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

எல்லோரும் சேர்ந்து கலெக்டருக்கு மனு கொடுக்கப்போகிறார்கள். எழுதுவது ஸ்டெல்லா. "நான் வேணா திருத்தித் தரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். நீங்க அலங்காரம் பண்ணிருவீங்க."