கடித்த பிறகு அது தெருநாய்

வக்கீல் தொழிலில் கொலை வழக்கு வந்தால் பேர், நிலத் தகராறு வந்தால் சோறு, நாய்க்கடி வழக்கு வந்தால் தலைவலி. சங்கரன்கோவிலில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பாதி ஆயுசைக் கழித்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த மூன்றாவது ரகம் என்னைத் தேடிக்கொண்டு வரும். அடுத்த வீட்டில் ஒரு நாயும், அந்த வீட்டுக்காரரிடம் தினமும் சிரித்துப் பேச வேண்டிய தலையெழுத்தும் உள்ள வாசகர்களே, நீங்களும் என் கட்சிதான். நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். எல்லாம் ஒரே வழக்கில் பட்டது.

தூக்குச்சட்டி கொடுக்கப் போனவள்

கோமதி விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவள். தறி ஓடும்போது இழை அறுந்தால் சட்டென்று பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அதற்கு வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சொன்னபடி கேட்க வேண்டும். அவளுக்கு அடுத்த வீடு, நூல் கடை பரமசிவன் அண்ணாச்சி வீடு. மாடி, இரும்புக் கேட், கேட்டுக்குள் டைகர் என்று ஒரு ராஜபாளையம் நாய். அந்த நாயின் தாய் வழி, தகப்பன் வழியெல்லாம் அண்ணாச்சி வாயால் தெருவுக்கே மனப்பாடம்.

ஒருநாள் அண்ணாச்சி வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் குழம்பு வந்திருக்கிறது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது நம்மூரில் மரியாதை இல்லையே. கோமதி அதில் நாலு கொழுக்கட்டையைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். கேட் சும்மா சாத்திக் கிடந்தது. நாயைக் கட்டவில்லை. அது தூக்குச்சட்டி பிடித்திருந்த கையைக் கவ்விவிட்டது.

அவள் என்னிடம் வந்தபோது காயம் ஆறியிருந்தது. ஆட்காட்டி விரல் மட்டும் மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றது. தறிக்கூடத்தில் அவளைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், எவ்வளவு கேட்பது என்று நான் ஆரம்பித்ததும் அவள் குறுக்கே புகுந்தாள்.

"துட்டு கிடக்கட்டும் வக்கீலம்மா. நான் பொய் சொல்லுதேன்னு அண்ணாச்சி தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாவ. எங்க நாய்தான் கடிச்சுதுன்னு அவிய வாயால ஒரு தடவ சொல்லணும், அது போதும்."

ஆஸ்பத்திரியில் விட்ட வார்த்தை

நாய்க்கடி என்று யார் வந்தாலும், ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள் என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். கோமதியைக் கேட்டேன். தெருநாய் கடித்தது என்று சொன்னாளாம். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். காயத்துக்கு மருந்தென்று கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கையில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை அண்ணாச்சிதான் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். போகிற வழியெல்லாம் கெஞ்சல். வளர்த்த நாய் என்று சொன்னால் போலீஸ் வரும், டைகரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், தெருநாய் என்று சொல்லிவிடு, திருநெல்வேலியில் பெரிய டாக்டரிடம் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று. அவளும் சொல்லிவிட்டாள். இங்கே ஊசி போட்டார்கள். உள்ளே விரலை இழுக்கிற நரம்பு அறுந்திருக்கிறது, தாமதிக்காமல் திருநெல்வேலிக்குப் போ என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

அண்ணாச்சி இன்றைக்கு லோடு வருகிறது என்றார், நாளைக்கு முகூர்த்தம் என்றார். இவளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர், தெருநாய் கடித்ததற்கு நான் என்ன செய்ய, நகராட்சியில் போய்க் கேள் என்றுவிட்டார். அதற்குப் பிறகு இவளாக பஸ் ஏறிப் போனபோது, இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறார் டாக்டர். ஒரு விரலை நாய் பாதி தின்றது, மீதியை நல்ல மனசு தின்றது. அவர் சொல்லச் சொன்னால் நீ சொல்லிவிடுவதா என்று அவளைத்தான் சத்தம் போட்டேன்.

"அண்ணாச்சி கண்ணுல தண்ணி வச்சிட்டாவ, வக்கீலம்மா. அதுக்கு மேல நான் எப்படி மாத்திச் சொல்ல?"

காணாமல் போன போர்டு

சட்டம் ஒன்றும் அநியாயமானது இல்லை. நாய் இன்னாருடையது, அது கடிக்கிற நாய் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் கட்டிப்போடாமல் விட்டார். இதை நிரூபித்தால் அவர்தான் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் விட்ட வார்த்தை பாதகமாக இருந்தாலும், அண்ணாச்சி வீட்டுக் கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். நாயும் இருக்கிறது, அது கடிக்கும் என்றும் தெரியும் என்று அவரே ஊருக்கு எழுதி வைத்த மாதிரிதானே. தைரியமாக நோட்டீஸ் அனுப்பினேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போர்டைப் போட்டோ எடுத்துவிட்டு அல்லவா நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த மறுநாள் நான் போய்ப் பார்க்கையில் கேட்டில் போர்டு இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் பளிச்சென்று இருந்தது. டைகரையும் காணோம், தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அண்ணாச்சி வெளியே வந்து, வாங்க மேடம், காபி சாப்பிடுங்க என்றார். போர்டு எங்கே என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"போர்டு திருடனுக்கு வச்சது மேடம். நாய் இருந்தாத்தான் நாய் போர்டு வைக்கணும்னு சட்டம் ஏதும் இருக்கா?"

சிலிண்டர்காரர் கால்

போர்டு போனால் போகட்டும், டைகர் இதற்கு முன்னால் கடித்த ஆள் ஒருவர் கிடைத்தால் போதும் என்று தேடினேன். கிடைத்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர். போன வருடம் அதே கேட்டில் அவருடைய கெண்டைக்கால் சதையை அது பிடுங்கியிருக்கிறது. பேன்ட்டை மடக்கித் தழும்பைக் காட்டினார். அண்ணாச்சி அப்போது அவருக்கு ஒரு புது பேன்ட் எடுத்துக் கொடுத்தாராம். அந்தப் பேன்ட்டைத்தான் போட்டிருந்தார்.

சாட்சி சொல்ல வருவீர்களா என்றேன். கோமதியின் விரலைப் பார்த்து உச்சுக் கொட்டினார், பாவம் என்றார், இதெல்லாம் சும்மா விடக் கூடாது என்று என்னை உசுப்பேற்றிவிட்டார். பிறகு சிலிண்டரைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார். சம்மன் அனுப்பினால் வந்துதான் ஆக வேண்டும் என்று மிரட்டிப் பார்த்தேன். வந்தால் எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"கோர்ட்டுக்கு ஒரு நா வந்துட்டுப் போயிருவேன் மேடம். அந்த வீட்டுக்கு மாசாமாசம் போவணும்லா."

ஒரிஜினல் ராஜபாளையம்

சாட்சி இல்லாத வழக்கில் எதிராளியின் வாய்தான் நமக்குச் சாட்சி. அண்ணாச்சி கூண்டில் ஏறினார். விபூதி, வெள்ளை வேட்டி. நாயே வளர்த்ததில்லை, தெருவில் போகிற நாய்களுக்குப் புண்ணியத்துக்குச் சோறு வைப்பதுண்டு என்றார். அவருடைய பலவீனம் எது என்று எனக்குத் தெரியும். உங்கள் வாசலில் படுத்துக் கிடக்குமே ஒரு சொறிநாய், அதற்கும் சோறு வைத்தீர்களா என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. சொறிநாயா, ஒரிஜினல் ராஜபாளையமாக்கும் அது என்று ஆரம்பித்தவர், பல் வரிசை, காது மடிப்பு என்று போய்விட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோமதி எழுந்தே நின்றுவிட்டாள். இதோ சொல்லிவிடப் போகிறார் என்று நானும் நம்பினேன். அப்போது அவருடைய வக்கீல் மைதீன் சார் ஒரு இருமல் இருமினார். அண்ணாச்சி நிறுத்தி, எச்சில் முழுங்கி, அப்படின்னு பார்த்தவங்க சொல்லுதாங்க என்று முடித்தார். கோமதி மெதுவாக உட்கார்ந்தாள்.

வழக்குத் தள்ளுபடி. கடிபட்டவுடன் அவளே தெருநாய் என்று சொல்லியிருக்கிறாள், பிறகு சொல்வதை எப்படி நம்புவது என்பது தீர்ப்பு. நான் நீதிபதியாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், அதுதான் கசக்கிறது. அப்பீல் போட்டேன். மைதீன் சார் கெட்டவர் இல்லை. தீர்ப்பு வந்த அன்றைக்கு டீக்கடையில் என் கிளாஸையும் அவரே வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஒங்க கட்சிக்காரி நல்ல பிள்ள மேடம். நல்ல பிள்ளைய வச்சுக்கிட்டு ஜெயிக்கக்கூடிய கேஸ் நான் இன்னும் பாக்கல."

துட்டி

அப்பீல் நடந்துகொண்டிருக்கும்போதே டைகர் செத்துப்போனது. வழக்கில் ஜெயித்த தெம்பில் அதைத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். லாரியில் அடிபட்டுவிட்டது. தெருமுனையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளக்ஸ் வைத்தார் அண்ணாச்சி. மாலை போட்ட நாயின் படம், கண்ணீர் அஞ்சலி, எங்கள் வீட்டுச் செல்லப்பிள்ளை, கீழே குடும்பத்தார் பெயர் அத்தனையும். எனக்குத் தகவல் வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி, முதல் வேலையாக அதைப் போட்டோ எடுத்தேன். இந்தத் தடவை புத்தி வேலை செய்தது.

போட்டோவைக் காட்டத்தான் கோமதியை வரச் சொன்னேன். அவள் வரும்போதே முகம் ஒரு மாதிரித் தெளிந்திருந்தது. துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, போய்விட்டு வருகிறாளாம். யார் வீட்டுக்கு என்றேன். அண்ணாச்சி வீட்டுக்குத்தான், தெருவே போயிருக்கும்போது அடுத்த வீட்டுக்காரி போகாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்றாள். அங்கே அண்ணாச்சி எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். மடங்காத அந்த விரல் உள்ள கையைத்தான். டைகர் ஒன்னத் தவிர ஒரு ஈ எறும்பைக்கூடக் கடிச்சதில்ல தாயி என்று சொல்லிச் சொல்லி அழுதாராம்.

அந்த ஒரு வாக்கியத்தில் நாய் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டார், அது கடிக்கிற நாய் என்று தனக்குத் தெரியாது என்றும் சொல்லிக்கொண்டார், சிலிண்டர்காரர் காலையும் துடைத்துப் போட்டுவிட்டார். மைதீன் சார்கூட இவ்வளவு சுருக்கமாக வாதாட மாட்டார். போட்டோ இருக்கிறது, கேட்டவர்கள் இருக்கிறார்கள், யாரையாவது பேச வைத்துவிடலாம், இனி அப்பீலில் ஒரு கை பார்க்கலாம் என்று நான் படபடவென்று பேசிக்கொண்டே போனேன். கோமதி அந்த விறைத்த விரலை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெருவே கேட்டுச்சு வக்கீலம்மா, அவிய வாயாலயே சொல்லிட்டாவ. இனி கேஸ் எதுக்கு, வாபஸ் வாங்கிருங்க."

இத்தனை வருடத் தொழிலில் என் கட்சிக்காரர் ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போன ஒரே வழக்கு, நான் ஒரு கோர்ட்டில் தோற்று, அடுத்த கோர்ட்டில் வாபஸ் வாங்கிய இந்த வழக்குதான்.