ஒரே எண்ணுக்குள் மறைந்த பழைய பதிப்பு

இலங்கையில் யுத்தம் முடிய இரண்டு வருடம் இருக்கையில், புத்தளத்தில் ஒரு சிறிய சேவை அமைப்பில் கம்பியூட்டர் வேலை பார்த்தேன். தொலைந்த அடையாள அட்டைக்குப் பதிலாகப் புதியது எடுப்பது எப்படி என்று தமிழில் விளக்கும் இணையத்தளம் என் பொறுப்பில் இருந்தது. அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாத காலம் அது.

நடைமுறை மாறியதும் புதிய விண்ணப்பப் படிவத்தோடு விளக்கத்துக்குப் புதிய பதிப்பு போட்டோம். முன்பே விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்காகப் பழையதையும் விட்டுவைத்தோம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணாக வரும்படி வைத்திருந்தேன். அது மாதாமாதம் ஏற ஏற எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

எங்களோடு வேலை செய்த ஒரு சகோதரி மட்டும் அதில் மயங்கவில்லை. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்துப் பக்கத்துக் கரைத்தீவில் இருந்தவர். மக்களை நேரில் சந்திப்பது அவருடைய வேலை. என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானா, எத்தாளையில ஒரு உம்மா மகன்ட அட்டைக்குப் பழைய படிவத்தோட போய் ரெண்டு தரம் திரும்பி வந்திருக்கா. அட்டை இல்லாம மகனுக்குக் கடலுக்குப் போகேலாது. வீட்ட அடுப்பு எரியேல்ல. ரெண்டு பதிப்பையும் வேற வேறயா எண்ணிப் பாருங்க."

"ஒரு ஆள் பிழை விட்டதுக்கு எல்லாத்தையும் மாத்தேலுமா? முழுத் தளத்துக்கும் ஒரு எண் இருந்தாத்தான் வசதி" என்றேன். உண்மையில், பிரித்தால் என் பெரிய எண் சிறுத்துவிடும் என்ற பயம். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர் கோபப்படவில்லை. "ஓம் நானா, உங்களுக்கு வசதி. அந்த உம்மாவுக்கு?" என்றார்.

அன்றே பிரித்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வந்தவர்களில் பெரும்பாலானோர் பழைய பதிப்பைத்தான் திறந்திருந்தார்கள்.

ஏன் என்றும் அவரே கண்டுபிடித்தார். மாம்புரி ஊர் வரைக்கும், இணையம் பார்த்து அச்சடித்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடைகளில் ஏறி இறங்கினார். நாங்கள் முதலில் கொடுத்த துண்டுப்பிரசுரம் எல்லாக் கடைச் சுவரிலும் ஒட்டியிருந்தது. அதிலிருந்த பழைய பக்கத்தின் இணைய முகவரியைத் திறந்து, வருபவர்களுக்கெல்லாம் பழைய படிவத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முகவரியைப் போட்டுக் கொடுத்தவன் நான். அவர் அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. புதிய முகவரி போட்ட துண்டுப்பிரசுரத்தை என்னிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கடையிலும் தன் கையாலேயே ஒட்டினார். புதிய படிவத்தை எத்தாளைக்குக் கொண்டுபோய் அந்த உம்மாவுக்கு நிரப்பியும் கொடுத்தார்.

அந்த மகன் அட்டை கிடைத்துக் கடலுக்குப் போனதாக அவர் வந்து சொன்னபோதிருந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இன்றும் யாராவது பெரிய எண் ஒன்றைக் காட்டினால், அதற்குள்ளே வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.