பரீதா டீச்சரின் தண்ணீர்ப் பீங்கான்கள்

பரீதா டீச்சர் வபாத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவிப்பில்தான் கேட்டேன். அடுத்த வீட்டுக்காரி நான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுகூட எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக அந்த வாசலை நான் மிதிக்கவில்லை.

சுவரும் சுவரும் முட்டி நிற்கும் எங்கள் கல்முனைத் தெருவில் செடி நட மண் ஏது? டீச்சர் மொட்டைமாடியில் பெயின்ட் வாளிகளில் பயற்றையும் கத்தரியையும் வளர்த்தார். பக்கத்திலேயே கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டார். கறிக்கு ஆகுமே என்றேன்.

“பூ இரிந்தாத்தான் புள்ள பூச்சி வரும்” என்றார்.

ஒருமுறை அவருடைய பயற்றங்கொடி முழுக்கச் சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சி அப்பியிருந்தது. என் தம்பி வயலுக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சம் கொண்டுபோனேன். “இத அடிச்சா நல்லதும் சேர்ந்து மவுத்தாகும். கொஞ்சம் பொறுங்க” என்று திருப்பித் தந்துவிட்டார். சில நாளில் கறுப்புப் புள்ளி போட்ட சிவப்பு வண்டுகள் வந்து அழுக்கணவனைத் தின்று கொடியைத் துப்புரவாக்கின. அவர் சொன்னதே சரியாகிப்போனதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

தேனீ குடிக்கவென்று கூழாங்கல் போட்டுப் பீங்கான் தட்டுகளில் தண்ணீரும் வைத்திருந்தார். என் மகள் டெங்குக் காய்ச்சலில் பிழைத்து வந்த வாரம், என் மாடி ஜன்னலால் பார்த்தால் அந்தத் தண்ணீர்தான் கண்ணில் பட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சுகாதார அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். வந்தவர்கள் பீங்கான்களைக் கவிழ்த்து, மாடி முழுக்கப் புகை அடித்தார்கள். தினமும் விடியற்கால சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் தண்ணீர் மாற்றுகிறவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பல வாரங்கள் ஒரு தேனீயும் வரவில்லை. டீச்சர் தூரிகையால் பூசணிப் பூவுக்கு மகரந்தம் தடவிக்கொண்டிருந்தார். “ஆரு சொல்லியிரிப்பாங்க?” என்று மதிலுக்கு மேலால் கேட்டார். தெரியாது என்றேன். அன்றோடு அவர் முகத்தில் விழிக்கக் கூச்சம்.

ஜனாஸாவைத் தூக்குமுன் மகன் வாசலில் நின்று, “எங்கட உம்மா ஆருட மனசயும் நோகடிச்சிரிந்தா பொருந்திக்கொள்ளுங்க” என்றார். அப்படி மன்னிப்பும் பொருத்தமும் கேட்க வேண்டியவள் நான். உள்ளே ஓடி அவருடைய மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உம்மாக்கு அப்பவே தெரியும் மாமி” என்றாள் அவள். “புள்ளட காய்ச்சல்ல பயந்து செஞ்சிரிப்பா, அவவா வந்து சொல்லுவா, நீங்க ஒண்டும் கேக்கப்படா எண்டு எங்களுக்குச் சொல்லியிரிந்தா.”

டீச்சரை அறிந்து இதை வாசிக்கிற உங்களிடம் எதையும் மறைக்க எனக்கு மனமில்லை. அவர் எனக்காகக் காத்திருந்த அந்த ஒரு வருடம்தான் என்னிடம் இருக்கிறது.